மகளுக்கு எதிரே நிற்கச் சொன்னார்கள்

பச்சை பெல்ட் டெஸ்டில் நான் ஃபெயில் ஆனேன். என்னைத் தோற்கடித்தவள் என் மகள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், பெற்ற மகள்தானே, விட்டுக்கொடுத்திருப்பீர்கள் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. விட்டுக்கொடுத்தேனா இல்லையா என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது.

நான் கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீடு வாழவந்தி நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம். கணவர் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், மிளகும் போடுகிறார். மகள் ஏழாவது படிக்கும்போது, கூடப் படிக்கிற பெண்கள் சேர்ந்தார்கள் என்று கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு சோளக்காட்டில், கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில், சனி ஞாயிறு சாயங்காலம். திரும்பி வரும் பஸ் இருட்டிய பிறகுதான் என்பதால் அவளோடு நானும் போக வேண்டியிருந்தது. அவள் உள்ளே குதித்துக்கொண்டிருக்க, நான் வாசற்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பலாப்பழ வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மார்கழிக் குளிரில் அந்தப் படி ஐஸ் மாதிரி இருக்கும்.

சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அடிவாரத்து ஊரில் அவளுடைய அப்பா, அத்தா என்பாள், பெயின்ட், ஆணி, பைப் விற்கிற கடை வைத்திருக்கிறார். தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் மாட்டி, ஸ்கூட்டரில் வளைவு வளைவாக ஏறி வருவாள். பிள்ளைகள் அவளை மாஸ்டர் என்பார்கள். நாளடைவில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அவள் என்னை அக்கா என்பாள்.

ஒருநாள் வாசலுக்கு வந்து, "ஏனுங்கக்கா, சும்மா குளுர்ல ஒக்காந்திருக்கறதுக்கு உள்ள வந்து நில்லுங்களேன். ஒடம்பாச்சும் சூடாவும்" என்றாள்.

அவ்வளவுதான் காரணம். வீரம், தற்காப்பு என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. சுடிதாரோடு கடைசி வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றதில் பாதிப் பேர் என் இடுப்பு உயரம். ஆனால் முதல் நாளே ஒன்று பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவள் நான். ஒண்ணுமில்லீங்க, சரியாப் போயிரும், கொஞ்சம் பொறுங்க. இங்கே வயிற்றிலிருந்து கத்தச் சொன்னார்கள். கத்திக்கொண்டே குத்தச் சொன்னார்கள். நான் கத்தியபோது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் மட்டும் திரும்பவில்லை. வெட்கம்.

மஞ்சள், ஆரஞ்சு பெல்ட் வரைக்கும் டெஸ்டை மாஸ்டரே நடத்தலாம். அவள் நடத்திய டெஸ்ட்டுகளை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது. முதலில் எல்லாரும் வரிசையில் நின்று குத்து, தடுப்பு, உதை. அப்புறம் ஒவ்வொருவராக நடுவில் வந்து 'கட்டா' செய்ய வேண்டும். கட்டா என்பது எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்யும் அடவு வரிசை. எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கால் முன்னால் என்று எல்லாம் வரையறுத்தது. கடைசியில் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் மோதுவது. மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைக்கூட எடுக்காமல் பார்ப்பாள். எனக்கு முழங்கை வெளியே போகிறது என்றாள். ஒரு பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பாஸ் போடாமல் திருப்பி அனுப்பினாள். பிள்ளை அழுதது. அடுத்த மாதம் அதே பிள்ளை நன்றாகச் செய்து பெல்ட் வாங்கியது. அப்படித்தான் டெஸ்ட் என்றால் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

பச்சையிலிருந்து மேலே பெரிய மாஸ்டர்தான் பார்க்க வேண்டும். எங்கள் மாஸ்டருக்கே சொல்லிக்கொடுத்தவர், சமவெளியில் ஊர் ஊராக வகுப்பு வைத்திருப்பவர். அவர் கையெழுத்து இல்லாமல் பச்சை பெல்ட் கட்ட முடியாது.

அவர் மேலே வருவதாகச் சொன்ன முதல் தேதியில் மழை. மலைப் பாதையில் மரம் விழுந்துவிட்டது. அடுத்த தேதியில் அவருக்கு வேறு ஊரில் பரிசளிப்பு விழா. அதற்கடுத்து பள்ளிக்கூடப் பரீட்சை. ஒவ்வொரு தடவையும் நான் ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கெஞ்சி டூட்டி மாற்றியிருப்பேன். மாற்றிக்கொண்ட நர்ஸ் ஒருத்தி, உனக்கு ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று நேராகவே கேட்டுவிட்டாள். கடைசியில், மலைப் பிள்ளைகள் எல்லாரும் கீழே வந்துவிடுங்கள், நாமக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லா ஊருக்கும் சேர்த்து டெஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலை பஸ். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வெள்ளை உடுப்பு நனையாமல் பிள்ளைகளின் தலையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே வந்தேன். மகளுக்கும் குமட்டியது, ஆனால் என் கையைத் தட்டிவிட்டாள். டெஸ்டுக்குப் போகும்போது அம்மா தலையைப் பிடிப்பதை மற்ற பெண்கள் பார்க்கக்கூடாது.

மண்டபத்தில் நாற்காலிகள் போட்டு, மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் தொடங்க முடியாது என்றார்கள். வெயில் ஏறியது. மலைக் குளிருக்குப் பழகின பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே குவிந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகள் திரும்பிப் போக பஸ் இருக்கிறது, கொஞ்சம் முன்னாடி கூப்பிடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்ததாம்.

விருந்தினர் வந்தார், பேசினார், பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்புறம்தான் டெஸ்ட். பெரிய மாஸ்டர் மேடைக்குக் கீழே ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கட்டையான, நரைத்த மீசைக்காரர். அவரிடம் குரல் இருந்தது, ஒரு சொல்லில் அத்தனை பேரையும் நிற்க வைத்தார். அந்தக் குரலைக் கேட்டதும் காத்திருந்த எரிச்சல் எனக்குப் போய்விட்டது. குத்து, தடுப்பு, உதை எல்லாம் நன்றாக வந்தது. கட்டாவில் நான் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவர் தலையாட்டினார். மனசுக்குள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

அப்புறம் மோதல். ஜோடி ஜோடியாகப் பெயர் வாசித்தார்கள். உயரம், பெல்ட் இரண்டையும் பார்த்துச் சேர்த்திருந்தார்களாம். எங்கள் பெயர்களை அடுத்தடுத்து வாசித்தபோது தவறாக வாசித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாஸ்டர் மேசையிடம் ஓடுவதைப் பார்த்தேன். குனிந்து ஏதோ சொன்னாள். பெரிய மாஸ்டர் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"அந்தக் கோட்டுக்குள்ள வந்துட்டா அம்மாவும் இல்ல, புள்ளையும் இல்ல. நில்லுங்க."

மண்டபம் சிரித்தது. சிலர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்கள்.

மகள் எதிரே வந்து நின்றாள். அந்த வருடம்தான் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். பல்லுக்கு ரப்பர் காப்பு மாட்டியிருந்ததால் வாய் உப்பியிருந்தது. அவள் முகத்தில் நான் தேடியது என்னவென்று தெரியவில்லை, எதுவோ ஒன்று, ஒரு சிரிப்பு, ஒரு கூச்சம். அப்படி எதுவும் இல்லை. அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளியின் தோளைப் பார், கையைப் பார்க்காதே என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

தொடங்கு என்றதும் வந்தாள். நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது. நான் கையைத் தூக்கினேன், தடுத்தேன். இன்னொன்றைத் தடுத்தேன். அவள் வலது கையை இறக்கியபோது விலாப் பக்கம் கதவு மாதிரி திறந்திருந்தது. அது எனக்குத் தெரிந்தது. கை கிளம்பியது, பாதியில் நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை. அது அப்படியே நின்றது. அதற்குள் அவள் காலைச் சுழற்றி என் இடுப்பில் உதைத்தாள். மறுபடியும் திறந்தது. மறுபடியும் கை நின்றது. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன், கோட்டைத் தாண்டிவிட்டேன். நடுவர் கையை உயர்த்தினார். சுற்றிலும் கைதட்டல், சிரிப்பு, யாரோ விசில்.

சாயங்காலம் மைக்கில் முடிவு சொன்னார்கள். மகள் பாஸ். நான் இல்லை. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போர்க்குணம் இல்லை என்று பெரிய மாஸ்டர் போட்டிருக்கிறார் என்றாள். மற்ற எல்லாமே நல்ல மார்க், ஆனால் மோதலில் கை ஓங்கவே இல்லை என்றால் பாஸ் போட முடியாது என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "நான் மொதல்லயே சொன்னனுங்கக்கா, ஜோடி மாத்துங்கன்னு. கேக்கலீங்க" என்றாள். அவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் பட்டேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மற்றப் பிள்ளைகள் புது பெல்ட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். மகள் தன்னுடையதைப் பாலிதீன் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பாஸாகியும் ஏன் இப்படி என்று நான் புரியாமல் இருந்தேன். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"ஏம்மா நீ அடிக்கல?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவள் நம்பவில்லை.

"எல்லாரும் சொல்றாங்க, நீ உட்டுக்குடுத்துட்டியாம். அதனாலதான் நான் பாஸாம். உன்னை ஆரு உட்டுக்குடுக்கச் சொன்னா?"

அவள் குரலில் அழுகை இருந்தது. ஜெயித்தவளுடைய அழுகை. நான் ஃபெயிலானதற்கு ஆறுதல் சொல்ல வீட்டில் கணவர் காத்திருந்தார், ஆனால் அன்றைக்கு ஆறுதல் தேவைப்பட்டது அவளுக்குத்தான். அதைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நான், என்னால் முடியவில்லை. இல்லை கண்ணு, நீ நிஜமாகவே ஜெயித்தாய் என்று சொல்லலாம். ஆனால் அந்த விலாப் பக்கம் திறந்திருந்ததை நான் பார்த்தேனே. விட்டுக்கொடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே செய்திருந்தால் அல்லவா அது விட்டுக்கொடுப்பது?

அன்றிலிருந்து அவள் வகுப்பில் என்னை விட்டுத் தள்ளி நின்றாள். பச்சை பெல்ட் கட்டியதால் முன்வரிசை. நான் பழைய ஆரஞ்சோடு பின்வரிசை. மாஸ்டர், ஆறு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்டுக்கு நிற்கலாம் என்றாள். நிற்கிறேன் என்றேன். எனக்கு மோதல் சொல்லிக்கொடுங்கள், மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வகுப்பு முடிந்து பஸ் வரும் வரை மாஸ்டரே எனக்கு எதிரே நிற்பாள். அடிங்கக்கா, எனக்கு வலிக்காது, அடிங்க என்பாள். முதலில் அவளிடமும் கை நின்றது. பல வருடமாக இந்தக் கை அடிபட்ட உடம்பைத் தொட்டே பழகியது. கட்டுப் போடும்போது எங்கே வலிக்கும் என்று பார்த்து, அந்த இடத்தை விட்டுத் தொடும் கை. வலிக்கிற இடத்தைப் பார்த்து அங்கேயே போ என்றால் அதற்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் வயிற்றில் ஒன்று விழுந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு நிமிர்ந்து சிரித்தாள். இதுதானுங்க, இதைத்தான் அன்று பெரிய மாஸ்டர் கேட்டார் என்றாள்.

ஆனால் வீட்டுக்கு வரும்போது ஒரு நினைப்பு அரித்தது. அடுத்த டெஸ்டில் வேறு யாரையாவது அடித்து நான் பாஸாகிவிட்டால், அன்று மகளிடம் விட்டுக்கொடுத்தேன் என்று அவளுக்கு உறுதியாகிவிடும். மறுபடியும் ஃபெயிலானால் அவள் நிம்மதியாக இருப்பாள், எனக்குத் தகுதி இல்லை என்று ஊருக்கு உறுதியாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. கணவரிடம் சொன்னேன். அவர் மிளகுக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "உட்டுப்போட்டு ஊட்ல இரு" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இந்த முறை பெரிய மாஸ்டர் மேலேயே வருவதாகச் சொன்னார்கள். குண்டனி நாட்டுப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எனக்கு ஜோடியாக, அங்கே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் ஒரு பெண்ணை மாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தாள். என்னைவிட இளையவள், பலசாலி, ஆரஞ்சு பெல்ட். காலையில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். நல்லா அடிச்சுக்கலாமுங்க என்று அவளே சொன்னாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலை ஒன்பது மணி என்று சொன்னவர் மதியம் தாண்டி வந்தார். வழியில் வேறு ஊரில் டெஸ்ட் முடித்துவிட்டு வந்தாராம். அவர் காரை விட்டு இறங்கும்போதே பனிமூட்டம் கடைவீதி வரைக்கும் வந்துவிட்டது. டிரைவர் கதவைச் சாத்தவில்லை, சீக்கிரம் இறங்கிவிட வேண்டும், இருட்டினால் வளைவில் ஒன்றும் தெரியாது என்று வாசலிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்தார்கள். ஆரஞ்சு முதல் நீலம் வரை எல்லாம் ஒரே கூட்டம். குத்துங்கள் என்றார், குத்தினோம். அவரவர் கட்டாவை எல்லாரும் ஒரே சமயத்தில் செய்யச் சொன்னார். பக்கத்துப் பிள்ளையின் கால் என் முட்டியில் இடித்தது, நான் ஒதுங்கினேன், எனக்குப் பின்னால் இருந்தவள் என் மேல் மோதினாள். பெரிய மாஸ்டர் போனில் யாரிடமோ வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டா முடிந்தது. கையுறையை மாட்ட நான் குனிந்தேன். விளையாட்டு டீச்சரும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாஸ். போட்டோவுக்கு நில்லுங்க" என்றார் அவர்.

பிள்ளைகள் துள்ளினார்கள். நான் ஒரு கையில் கையுறையோடு அவரிடம் போனேன். அத்தனை பேர் முன்னால் போய்ப் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் போனேன்.

"சார், மோதல் வெக்கலீங்களே."

என்னை யாரென்று அவருக்கு ஞாபகம் வரச் சற்று நேரமானது. வந்ததும் முகம் மலர்ந்தது. "ஓ, அந்த அம்மாவும் பொண்ணும். உங்களுக்கு எதுக்குங்க சிஸ்டர் சண்டையெல்லாம். இந்த வயசுல வந்து நிக்கறதே பெரிய விஷயம்" என்றார்.

"போன தடவ அதுலதாங்க என்னை ஃபெயில் பண்ணுனீங்க."

"அதான் இப்ப பாஸ் போட்டாச்சுங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. சண்டை வைத்தால்தான் எனக்கு இந்த பெல்ட் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அவர் சிரித்தபடி எங்கள் மாஸ்டரைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். டிரைவர் வாசலிலிருந்து மறுபடி கூப்பிட்டார். பெரிய மாஸ்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போட்டோவுக்கு நடுவில் போய் நின்றார். அந்தப் போட்டோவில் நான் இல்லை. கார் பனிக்குள் இறங்கிப் போன சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மாஸ்டர் என்னிடம் பெல்ட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாம் என்றேன். அவள் பெல்ட்டை மடித்துக்கொண்டே, "அவரு பேரு இல்லாம நான் கிளாஸ் நடத்த முடியாதுங்கக்கா. நாளைக்கே இங்க வேற ஆளப் போட்டுருவாங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலவே வேறு வழி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனது எனக்கு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த டெஸ்டில் நிற்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், நான் பேசியதை முழுக்கக் கேட்டிருந்தாள். தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும்போது, "அடுத்த சனிக்கெழம என்கூட நில்லு" என்றாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிவில் அவளே மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். மாஸ்டர் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, போன் எதுவும் வெளியே வரக்கூடாது என்றாள். கூடத்தில் குழல் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. மகள் ரப்பர் காப்பைக் கடித்தாள். நானும் கடித்தேன்.

அவள் முன்பைவிட வேகமாகியிருந்தாள். முதல் குத்து வந்ததே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதைத் தடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தேன். அவளுடைய வலது கை இன்னமும் இறங்குகிறது. அந்தத் தப்பை யாரும் அவளுக்குத் திருத்தவில்லை, ஏனென்றால் யாரும் அந்த இடத்தில் அவளை அடித்ததில்லை. என் கை கிளம்பியது. நிற்கவில்லை.

விலாவில் விழுந்தது. அவள் மூச்சு 'ஹக்' என்று நின்றது. மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடினேன். எலும்பு, மூச்சு, உதட்டின் நிறம் என்று எல்லாம் ஒரே நொடியில் எனக்குள் ஓடியது. மாஸ்டர் குறுக்கே கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"நில்லுங்கக்கா. அவ எந்திரிப்பா."

நின்றேன். என் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அப்படி நின்றதுதான். மகள் தலையைக் குனிந்தபடி மூச்சை இழுத்தாள். எழுந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, துடைக்கவில்லை. மறுபடி என் தோளைப் பார்த்து நின்றாள். அதற்கப்புறம் வலது கையை அவள் இறக்கவே இல்லை. நான் தேடித்தேடிப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. அடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். என் வயிற்றில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. என்னால் முடிந்தவரை நின்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் நிறுத்து என்று சொல்லி, மகள் இருந்த பக்கம் கையை உயர்த்தினாள். சுவரோரம் இருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை.

குனிந்து வணங்கிவிட்டு அவள் என் பக்கத்தில் வந்தாள். காப்பைக் கையில் துப்பினாள்.

"அன்னிக்கி நீ அடிக்கல" என்றாள். கேள்வி இல்லை.

"இல்ல சாமி."

"இன்னிக்கி அடிச்ச."

"ஆமா."

யோசித்தாள். அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். பாதிதான் வந்தது. "அப்ப அந்த பெல்ட் எனக்கு சும்மா குடுத்ததுதான்" என்றாள். என்னுடையதும் அப்படித்தான் என்றேன். இருவருக்கும் பச்சை பெல்ட் என்று எழுதியாகிவிட்டது. அதற்கான டெஸ்டு இப்போதுதான் நடந்திருந்தது, அதைப் பார்த்துப் பாஸ் போட வேண்டியவர் எங்கோ கீழே இன்னொரு மண்டபத்தில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாஸ்டர் மறுபடி பெல்ட்டை எடுத்து வந்தாள். என்னால் வேறொன்றும் செய்ய முடியாதுங்கக்கா, ஆனால் நான் பார்த்தேன் என்றாள். இந்த முறை வாங்கிக்கொண்டேன். அவளுக்காக வாங்கினேன் என்று அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான்.

வீட்டில் மகளின் விலாவைத் தடவிப் பார்த்தேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகக் கன்றியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். கணவர் பார்த்துவிட்டுப் பதறினார். யார் அடித்தது என்றார்.

"அம்மா" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். மகள் சுவரில் சாய்ந்து, கையை மெதுவாகத் தூக்கி, எனக்கு ஒன்றைக் காட்டினாள். அடித்தவுடன் நான் கையைத் திரும்ப இழுக்காமல் அங்கேயே விட்டுவிடுகிறேனாம், அதனால்தான் அடுத்த குத்தை அவளால் போட முடிந்ததாம்.

"அடிச்சா உடனே இழுத்துக்கோணும்மா. நாளைக்கிக் காட்டறேன்" என்றாள்.

சரி என்றேன்.